ஒருவழிச் சுழல்கள்: காட்விக் முதல் டியூபிங்கன் வரை

பழைய ரைன் வடகடலில் சேரும் இடத்தில் முகத்துவாரம் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. ஒரு மதகுதான் இருக்கிறது. நெதர்லாந்தின் காட்விக் என்னும் கடலோர ஊர் அது. இடைக்காலத்திலேயே மணல் மேடிட்டு ஆற்றின் வாய் அடைபட்டுப் போனது. உள்நாட்டுத் தண்ணீர் வெளியேற வழியின்றித் தேங்கியது. 1807-இல் கால்வாய் வெட்டிக் கடல் வாசலில் மதகு கட்டி முடித்தார்கள். கடல் ஏறும்போது கதவை அடைக்க வேண்டும், இறங்கும்போது திறக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. கடல் நாளுக்கு இரண்டு முறை ஏறுகிறது, இரண்டு முறை இறங்குகிறது. அதற்கென்று ஒரு திசை கிடையாது. மதகைத் தாண்டும் தண்ணீருக்கோ திசை உண்டு. நிலத்திலிருந்து கடலுக்குப் போகும், திரும்பி வராது. இன்று கடலும் மழையும் கூடிச் சதி செய்யும் நாட்களுக்காகப் பக்கத்திலேயே பம்புகளும் வைத்திருக்கிறார்கள்.

மேற்கிலிருந்து காற்று முகத்தில் மணலை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. கடற்கரையை ஒட்டி வெள்ளைத் தேவாலயம், அதன் பின்னால் மீன் கடைகள். பச்சை ஹெர்ரிங் மீனை வெங்காயத் துண்டுகளோடு வாலைப் பிடித்துத் தூக்கி வாயில் இறக்குகிறார்கள். எனக்கு அந்தத் துணிச்சல் வரவில்லை, பொரித்த மீன் வாங்கிக்கொண்டேன்.

நான் கடல் கடந்து வந்தது மதகு பார்க்க மட்டும் என்றால் வீட்டில் யாரும் நம்பமாட்டார்கள். முன்னும் பின்னும் சமமாக ஆட்டப்படும் ஒரு பொருளை ஒரே பக்கமாக நகர்த்தலாம் என்று இயற்பியலாளர்கள் காட்டியிருக்கிறார்கள். கதவு கிடையாது, கீல் கிடையாது, உலோகப் படலத்தில் வரைந்த வடிவம் மட்டுமே. நகர்வது மின்தடையே இல்லாத மீக்கடத்திக்குள் குடியிருக்கும் காந்தச் சுழல். அந்தச் சோதனைகள் நடந்த ஊர்களைப் பார்க்க வேண்டும் என்று பல வருஷ ஆசை. காட்விக்கில் தொடங்கி லெய்டன், டெல்ஃப்ட், பிறகு ரைனை எதிர்த்து மேலே போய் அதன் துணையாறான நெக்கர் கரையில் உள்ள டியூபிங்கன். வழித்தடமே ஓர் ஆற்றைப் பிடித்துக்கொண்டு ஏறுவதாக அமைந்துவிட்டது.

லெய்டன் பஸ்ஸில் அரை மணி தூரம். தமிழ் வாசகர்களுக்கு அந்தப் பெயர் செப்பேடுகளால் பழக்கம். நாகப்பட்டினம் சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் ஊரைக் கொடுத்த செய்தி பொறித்த ஏடுகளுக்கு ‘லெய்டன் செப்பேடுகள்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. அந்தக் கதையைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

ஸ்டேன்ஸ்கூர் என்ற கால்வாய்த் தெருவில் நிற்கிறது காமர்லிங் ஒன்னஸ் கட்டடம். இப்போது அது சட்டக் கல்லூரி. வாசலில் தடித்த புத்தகங்களோடு பிள்ளைகள் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கால்வாய்க்கு அந்தப் பக்கம் பெரிய பூங்கா. நெருக்கமான பழைய ஊரின் நடுவில் இவ்வளவு காலி இடம் எப்படி வந்தது என்று கேட்கத் தோன்றும். 1807 ஜனவரியில் வெடிமருந்து ஏற்றிவந்த கப்பல் ஒன்று கால்வாயிலேயே வெடித்து ஒரு பேட்டையையே துடைத்துப் போட்டது. காட்விக் மதகு முடிந்த அதே ஆண்டு. அந்த வெற்றிடத்தின் ஒரு பகுதியில் பிறகு ஆய்வகம் எழுந்தது. இந்த நினைவு ஊரை விட்டுப் போகவில்லை. அந்த ஆய்வகத்தில் ஹைக்கே காமர்லிங் ஒன்னஸ் அழுத்தப்பட்ட வாயுக்களை வைத்து வேலை செய்கிறார் என்று 1895-இல் தெரிந்ததும் நகராட்சி மிரண்டது. குழு போட்டார்கள். இயற்பியலாளர் வான் டெர் வால்ஸ் அதில் ஓர் உறுப்பினர். ஒன்னஸ் தன் வாயுக்களை மறுபடி தொட 1898 ஆகிவிட்டது. ஊர்க்காரர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தாத்தா காலத்தில் தெருவே பறந்த ஊரில் யாரும் அப்படித்தான் கேட்பார்கள்.

1908 ஜூலை 10, விடிவதற்குள் தொடங்கிய வேலை இரவில் முடிந்தது. ஹீலியம் முதன்முறையாகத் திரவமானது. கிடைத்தது ஒரு தேநீர்க் கோப்பைக்குள் அடங்கும் அளவு. கை ஓயாத ஒன்னஸுக்கு அவர் மனைவி ரொட்டித் துண்டுகளை ஊட்டிவிட்டார் என்று சொல்வார்கள். அந்த ஹீலியம் வட கரோலினாவிலிருந்து வந்த மோனசைட் மணலைச் சூடாக்கிப் பிரித்தது. நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கிடக்கும் கனிமமும் அதுதான்.

திரவமாக்கிய கருவியையே ஊருக்குள் உள்ள போர்ஹாவ அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். கண்ணாடிக் குடுவைகள், வளைந்த குழாய்கள், பித்தளைத் திருகுகள். பார்த்தால் வாசனைத் தைலம் காய்ச்சும் சாமான் என்றுதான் தோன்றும். இந்தச் சாமானை நம்பித்தான் 1911 ஏப்ரல் 8 அன்று ஹில்லஸ் ஹோல்ஸ்ட் பாதரசக் கம்பியின் மின்தடையை அளந்தார். 4.2 கெல்வினை ஒட்டி, அதாவது சுழியத்துக்குக் கீழே 269 டிகிரியில், தடை சட்டென்று மறைந்தது. தூங்கிப்போன ஒரு பயிற்சிப் பையனால் தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்டதாக ஒரு கதை நீண்ட காலம் உலாவியது. டிர்க் வான் டெல்ஃப்டும் பீட்டர் கெஸ்ஸும் ஒன்னஸின் பென்சில் குறிப்பேடுகளைத் தோண்டிப் படித்து 2010-இல் அந்தக் கதையை முடித்துவைத்தார்கள். தூக்கமும் இல்லை, தற்செயலும் இல்லை. வரிசையாக, கவனமாக அளந்திருக்கிறார்கள். சுவையான பொய்யைவிடச் சலிப்பான உண்மை எனக்குப் பிடித்திருந்தது.

நம் சுழல்களுக்கு வருவோம். ஒன்னஸுக்கு ஒரு பெருங்கனவு இருந்தது. தடையே இல்லாத கம்பியால் சுருள் சுற்றிப் பிரம்மாண்டமான காந்தம் செய்ய வேண்டும். அது நடக்கவில்லை. கொஞ்சம் காந்தப்புலம் பட்டாலே அவருடைய மீக்கடத்திகள் சாதாரண உலோகமாகிவிட்டன. வழி திறந்தவர்களில் முக்கியமானவர் லெவ் ஷுப்னிகாவ். 1926 முதல் 1930 வரை இதே லெய்டனில் வேலை செய்த சோவியத் இளைஞர். டெ ஹாஸுடன் அவர் கண்ட விளைவு இன்றும் இருவர் பெயரிலும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. ஊர் திரும்பி கார்கிவ் நகரில் ஆய்வகம் நடத்தினார். சில உலோகக் கலவைகளில் காந்தப்புலம் முழுதாக விரட்டப்படாமலும் மீக்கடத்தலைக் கொல்லாமலும் உள்ளே நுழைந்து குடியிருப்பதை அவருடைய குழு கண்டது. 1937 ஆகஸ்டில் கைது செய்தார்கள். நவம்பரில் சுட்டுக் கொன்றார்கள். அவர் கண்டதற்குக் கணக்கு எழுதியவர் அலெக்சி அப்ரிகோசவ், 1957-இல். நோபல் பரிசு அப்ரிகோசவுக்கு 2003-இல் வந்தது. மாணவர்கள் புகைத்துக்கொண்டிருந்த அந்த வாசற்படியில் ஷுப்னிகாவும் நான்கு வருஷம் ஏறி இறங்கியிருப்பார்.

அப்ரிகோசவின் கணக்கு இதுதான். காந்தப்புலம் மீக்கடத்திக்குள் பரவலாக நுழைவதில்லை, மெல்லிய இழைகளாக நுழைகிறது. ஒவ்வோர் இழையைச் சுற்றியும் மின்னோட்டம் ஓயாமல் சுழன்றுகொண்டிருக்கும். எல்லா இழைகளிலும் காந்தப்பாயம் ஒரே அளவு. பாதியோ ஒன்றரையோ கிடையாது. அந்த அளவு ஒரு வெபரின் ஆயிரம் லட்சம் கோடியில் இரண்டு பங்கு, எண்ணில் 2.07×10⁻¹⁵. இது எவ்வளவு சின்னது என்று பார்க்க ஒரு கணக்கு போட்டேன். பூமியின் சொந்தக் காந்தப்புலம் ஒரு சதுர மில்லிமீட்டர் படலத்தில் முழுதாக நுழைந்தால் சுமார் 24,000 சுழல்கள். அதனால்தான் இந்த ஆய்வகங்களில் சில்லைக் காந்தக் கவசத்துக்குள் ஒளித்துவைக்கிறார்கள்.

மீக்கடத்தியில் மின்னோட்டம் செலுத்தினால் சுழலின் மேல் விசை விழும், ஓட்டத்துக்குக் குறுக்காக. சுழல் குறுக்கே நகர்ந்தால் மின்னழுத்தம் உண்டாகும். ஒரு நொடியில் எத்தனை சுழல் கடந்தது என்பதை அந்த இழைப் பாயத்தால் பெருக்கினால் எத்தனை வோல்ட் என்று கிடைத்துவிடும். இந்தத் துறையின் அழகே இதில் இருக்கிறது. ஒரு சுழலையும் யாரும் கண்ணால் பார்க்க வேண்டாம். வோல்ட்மீட்டர் எண்ணிச் சொல்லிவிடும். மாறுதிசை மின்னோட்டத்தைச் செலுத்தினால் சுழல்கள் முன்னும் பின்னும் ஆடும், சராசரி மின்னழுத்தம் சுழியம். சுழியமாக இல்லாவிட்டால்? யாரோ அவற்றுக்கு ஒரு திசை கொடுத்திருக்கிறார்கள்.

சுழல் ஓட வசதியான பாதை ஜோசப்சன் சந்தி. இரண்டு மீக்கடத்திகளுக்கு நடுவே ஒன்றிரண்டு நானோமீட்டர் தடிமனில் காப்புப் படலம். அதன் ஊடே எலெக்ட்ரான் இணைகள் தடையின்றிக் கசியும் என்று பிரையன் ஜோசப்சன் 1962-இல் சொன்னபோது அவர் கேம்பிரிட்ஜில் 22 வயது ஆய்வு மாணவர். சந்தியை நீளமாகச் செய்தால் சுழல் அந்தப் படலத்துக்குள் படுத்துக்கொண்டு நீளவாட்டில் ஓடும். ஃபிளக்ஸான் என்று அழைப்பார்கள். சின்னச் சின்னச் சந்திகளை வலைபோல் கோத்தால் சுழல் ஒரு கண்ணியிலிருந்து அடுத்த கண்ணிக்குத் தாவும். டெல்ஃப்ட்காரர்கள் வலைக்காரர்கள். டியூபிங்கன்காரர்கள் நீளச் சந்திக்காரர்கள்.

லெய்டனிலிருந்து டெல்ஃப்டுக்கு ரயில் ஹேக் நகரம் வழியாகப் போகிறது. உட்கார்ந்து ஜன்னலைப் பார்ப்பதற்குள் இறங்க வேண்டியிருக்கும். ஊர் வரும்போது ரயில் பூமிக்கடியில் போய்விடுகிறது. படியேறி மேலே வந்தால் நிலையத்தின் கூரை முழுதும் நீல வண்ணத்தில் ஊரின் 1877-ஆம் ஆண்டு வரைபடம். அண்ணாந்து பார்த்தபடி நடந்து ஒரு சைக்கிள்காரரிடம் வசவு வாங்கினேன். டச்சு மொழி தெரியாதது அப்போது வசதியாக இருந்தது. வெர்மீரும் லேவன்ஹுக்கும் 1632-இல் பிறந்த ஊர் இது. கண்ணுக்குத் தெரியாத உயிர்களைத் தானே தேய்த்த கண்ணாடி மணியால் பார்த்த லேவன்ஹுக்கின் கல்லறை பழைய தேவாலயத்தில் இருக்கிறது. சுற்றுலாக் கூட்டம் வெர்மீர் பக்கம். நான் தெற்கே தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு நடந்தேன். அங்கே நூலகத்தின் கூரை புல்வெளியாகச் சாய்ந்து தரைக்கு இறங்குகிறது. மாணவர்கள் அதன் மேல் படுத்துக் கிடந்தார்கள். இயற்பியல் கட்டடம் இருக்கும் தெருவுக்கு லோரன்ட்ஸ் பெயர். சுழலைத் தள்ளும் விசைக்கும் அவர் பெயர்தான். லெய்டனில் பேராசிரியராக இருந்தவர்.

முன்கூட்டி எழுதிக் கேட்டிருந்ததால் ஓர் ஆய்வு மாணவர் குளிர்பதனக் கருவி ஒன்றைக் காட்டினார். ஆள் உயரத்துக்குத் தொங்கும் வெள்ளை உருளை. உள்ளே தங்க முலாம் பூசிய தட்டுகள் அடுக்கடுக்காக, கீழே போகப்போகக் குளிர்ச்சி கூடும். கடைசித் தட்டில் தனிச் சுழியத்துக்கு மேலே கெல்வினில் நூறில் ஒரு பங்கு. விட்டுவிட்டுச் ‘சிக், சிக்’ என்று பம்பு ஒலித்துக்கொண்டே இருந்தது. அறையில் வேலை செய்பவர்களுக்கு அது கேட்பதே இல்லையாம். ஹீலியத்தின் இரண்டு வகைகளைக் கலந்து இவ்வளவு குளிரை எட்டும் முறை முதலில் வேலை செய்ததும் லெய்டனில்தான், 1960-களின் நடுவில்.

இந்த ஊரில் சுழல்களை வைத்து நடந்த வேலைகள் ஒரு தனி மரபு. தலைமை தாங்கியவர் ஹான்ஸ் மோய். 1990-களின் தொடக்கத்தில் வான் டெர் சான்ட் முதலியோர் சுழல் உந்துவிசை நின்றபிறகும் தன் வேகத்திலேயே ஓடிக் கடப்பதைக் காட்டினார்கள். 1993-இல் எலியன் குழு, மின்னேற்றம் ஒன்றைச் சுற்றிவரும் சுழல் அலைபோலத் தன்னோடு தானே குறுக்கிடுவதை அளந்தது. 1996-இல் அலெக்சாண்டர் வான் ஊடனார்டன் சுழல்களை ஒற்றை வரிசையில் நிறுத்தி, எலெக்ட்ரான்கள் படிகத்தில் உறைந்து நிற்பதுபோல் அவையும் நிற்பதைக் கண்டார். பிற்பாடு அவர் உயிரணு ஆராய்ச்சிக்குப் போய் உட்ரெக்ட்டின் ஹுப்ரெக்ட் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநரானார். விசித்திரமான தாவல் என்று எனக்கு முதலில் பட்டது. யோசித்துப் பார்த்தால் அப்படியில்லை. ஓயாத அலைக்கழிப்பிலிருந்து ஒரு திசையைப் பிழிந்தெடுக்கும் வேலையை நம் தசைகளின் புரத மோட்டார்களும் செய்கின்றன.

அந்த வேலைக்கு இயற்பியலில் ராட்செட் என்று பெயர். ஒரு பக்கம் மெல்ல ஏறி மறுபக்கம் செங்குத்தாக விழும் ரம்பப்பல் போன்ற ஆற்றல் மேடுகளை வரிசையாக நினைத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தில் சுழல் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு பக்கமும் சமமாக ஆட்டுகிறோம். சாய்வான பக்கம் சிறு விசையிலேயே மேடு கடந்துவிடும், செங்குத்துப் பக்கம் கடக்க அதிக விசை வேண்டும். ஆட்டும் விசை இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தால் சுழல் ஒரு பக்கமாக மட்டும் போகும். காட்விக் மதகில் அசையும் கதவு வேண்டியிருந்தது. இங்கே எதுவும் திறப்பதில்லை, மூடுவதில்லை.

அப்படியானால் வெப்பத்தின் இயல்பான அதிர்வையே இப்படி ஒருவழியாக்கிச் சும்மா வேலை வாங்கலாமே என்று ஆசை வரும். முடியாது. ஸ்மொலுகோவ்ஸ்கி 1912-இலேயே மியூன்ஸ்டரில் ஆற்றிய உரையில் இதைச் சொல்லிவிட்டார். ஃபைன்மன் தம் புகழ்பெற்ற விரிவுரைகளில் பல்சக்கரமும் தடுப்புக் கொக்கியும் வைத்து விளக்கினார். எல்லாம் ஒரே வெப்பத்தில் இருந்தால் கொக்கியும் அதே அளவு துள்ளும், சக்கரம் பின்னாலும் அதே அளவு நழுவும். வெளியிலிருந்து யாராவது ஆற்றல் கொடுத்து ஆட்ட வேண்டும். மேடும் சமச்சீரற்றதாக இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் திசை.

சந்தி வலைகளில் சுழல்களுக்கு இப்படி ரம்பப்பல் போட்டுத் தரலாம் என்று சரகோசாவைச் சேர்ந்த ஃபாலோ, மாசோ முதலியோர் 1999-இல் எழுதினார்கள். அமெரிக்காவில் டிரியாஸும் ஆர்லாண்டோவும் அவர்களோடு சேர்ந்து செய்துபார்த்தார்கள். 2001-இல் இத்தாலியின் சலேர்னோவில் கராபெல்லாவும் கொஸ்தாபிலேயும் நீளச் சந்தியில் ஃபிளக்ஸான் டயோடு ஒன்றை ஓட்டிக் காட்டினார்கள். இவை எல்லாம் குவாண்டம் தேவைப்படாத பழைய கணக்கிலேயே அடங்குபவை.

டெல்ஃப்டில் 2003-இல் மயெர், பெகிரோன், கிரிஃபோனி, டுஸ்வெல்ட், மோய் ஐவரும் வெளியிட்ட கட்டுரை வேறு ரகம். சுழல் மிக இலேசானது. போதுமான குளிரில் அது மேட்டின் மேல் ஏறிக் கடக்க வேண்டியதில்லை, குவாண்டம் விதிப்படி மேட்டை ஊடுருவியே போய்விடும். அப்போது சுழல் படிகத்துக்குள் இருக்கும் எலெக்ட்ரான் போலாகிவிடுகிறது. அதற்கு அனுமதிக்கப்பட்ட ஆற்றல் பட்டைகள் உண்டு. வலையின் கண்ணிகளை எப்படி வரைகிறோமோ அதற்கேற்ப மேட்டுக்குக் கீழே எத்தனை பட்டைகள் வரும் என்பதை முன்கூட்டியே தீர்மானிக்கலாம். அப்படிப் பலவிதமாக வரைந்து செய்து அளந்தார்கள். மேட்டுக்குக் கீழே ஒன்றுக்கு மேற்பட்ட பட்டைகள் இருந்தபோது ராட்செட் வேலை செய்தது. இரு திசைகளிலும் மின்னழுத்தம் வேறுபட்டது. ஒரே ஒரு பட்டை மட்டும் இருந்தபோது, வலை சமச்சீரற்று வரையப்பட்டிருந்தும், குறைந்த வெப்பத்திலும் குறைந்த மின்னோட்டத்திலும் திசையே தெரியவில்லை.

இந்த இரண்டாவது முடிவுக்காகத்தான் நான் டெல்ஃப்டுக்கு வந்தேன். ரம்பப்பல் அங்கே இருக்கிறது, மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் கோணல் அப்பட்டமாகத் தெரியும். ஆனால் சுழலுக்குத் தெரியவில்லை. ஒற்றைப் பட்டையில் அதற்குத் தெரிந்ததெல்லாம் பக்கத்துப் பள்ளத்துக்குத் தாவும் அளவு ஒன்றுதான். இடப்பக்கம் தாவினாலும் வலப்பக்கம் தாவினாலும் அந்த எண் மாறாது. மேட்டின் வடிவத்தை எழுதிவைக்க அந்த ஓர் எண்ணில் இடம் போதவில்லை. கூட்டிக்கொண்டு போன மாணவரிடம் இதைச் சொன்னேன். அந்தக் கட்டுரை வந்தபோது தான் குழந்தையாக இருந்திருக்கக்கூடும் என்று சிரித்தார். இப்போது அவருடைய வேலை குவாண்டம் கணினிச் சில்லுகளில். மோய் குழு 1999-இல் முன்மொழிந்த பாய க்யூபிட் அந்தத் திசைக்கு வழிகாட்டியவற்றுள் ஒன்று; சுழல் வேலையில் கைதேர்ந்தவர்கள்தான் அதையும் கண்டார்கள். ஒருவழி ஆசை மட்டும் இந்த ஊரை விடவில்லை. 2022-இல் மசார் அலியின் குழு காந்தப்புலமே இல்லாமல் ஒரு பக்கம் மட்டும் தடையற்று ஓட்டம் விடும் ஜோசப்சன் டயோடைச் செய்தது. சுழல்களுக்கு அதில் வேலை இல்லை.

ஜெர்மனிப் பயணத்தில் கொலோன் வரை அதிவேக ரயில். அங்கிருந்து வேண்டுமென்றே மெதுவான வண்டியைப் பிடித்தேன். பான், கோப்லென்ஸ், பிங்கன் என்று ரைனின் இடக்கரையை ஒட்டியே அது போகும். திராட்சைத் தோட்டங்கள், மேலே இடிந்த கோட்டைகள், கீழே நிலக்கரியும் மணலும் ஏற்றிய தட்டைப் படகுகள். நீரோட்டத்தை எதிர்த்து வருபவை நம் ரயிலோடு போட்டி போட்டுத் தோற்கின்றன. மன்ஹைமில் நெக்கர் ரைனோடு சேர்கிறது. அங்கிருந்து ஸ்டுட்கார்ட்.

ஸ்டுட்கார்ட் நிலையம் கட்டுமான வேலைகளால் சுற்றுவழியாகவே கிடந்தது, அடுத்த வண்டியைத் தவறவிட்டேன். தவறவிட்டதில் வருத்தமில்லை, இதுவும் சுழல்களின் ஊர்தான். 1967-இல் எஸ்மனும் டிராய்ப்ளேயும் இங்குள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் மீக்கடத்தியின் மேல் நுண்ணிய காந்தத் துகள்களைப் படியவைத்து மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தார்கள். சுழல் முனைகளில் துகள்கள் ஒட்டி, முக்கோண ஒழுங்கில் புள்ளிகள் தெரிந்தன. அப்ரிகோசவ் தாளில் கண்டது பத்து ஆண்டுகளில் கண்ணில் பட்டது.

டியூபிங்கன் கையடக்கமான ஊர். நெக்கர் கரையில் கவிஞர் ஹோல்டர்லின் வாழ்ந்த மஞ்சள் கோபுரம், ஆற்றில் கோல் ஊன்றித் தள்ளும் நீளப் படகுகள், மலைமேல் கோட்டை. அந்தக் கோட்டையின் பழைய சமையற்கூட ஆய்வகத்தில்தான் மீஷர் 1869-இல் காயக்கட்டுத் துணிகளின் சீழிலிருந்து நியூக்ளிக் அமிலத்தை முதலில் பிரித்தார். இயற்பியல் இருப்பது ஊருக்கு வெளியே மேட்டில், 1970-கள் பாணிக் கான்கிரீட் கட்டடங்களில். அழகைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை.

இங்கே செய்த சோதனை எளிமையில் அபாரம். நீளச் சந்தியை மோதிரமாக வளைத்து இரு முனையையும் சேர்த்துவிட்டார்கள். உள்ளே ஒரே ஒரு ஃபிளக்ஸான். வெளியே போக வழியில்லை, சுற்றிச் சுற்றித்தான் ஓட வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் அதே ஓர் இழைப் பாயம். நொடிக்கு நூறு கோடி முறை சுற்றினால் 2.07 மைக்ரோவோல்ட். இதன் ஓட்டம் ஒளிவேகத்தில் சில விழுக்காடு வரை போகும். அதுவே சந்திக்குள் அதற்கு விதிக்கப்பட்ட உச்ச வேகம். அந்த உச்சத்தை நெருங்கும்போது ஃபிளக்ஸான் ஓடும் திசையில் சுருங்குகிறது. லோரன்ட்ஸ் எழுதிய அதே சுருக்கச் சூத்திரம், ஒளிவேகத்துக்குப் பதில் இந்த உள்ளூர் வேகம். 1995-இல் ஹியூபெனர் குழு இதை இங்கேயே அளந்தது. லோரன்ட்ஸைத் தள்ளும் விசையிலும் சந்தித்தேன், தெருப் பலகையிலும் சந்தித்தேன், கடைசியில் இந்த மோதிரத்திலும் சந்தித்தேன்.

2005-இல் பெக், கோல்டோபின், கிளைனர், கோலெ முதலியோர் இந்த மோதிரத்தின் ஓரிடத்தில் ஒரு மெல்லிய கம்பி வழியே மின்னோட்டத்தைச் செலுத்தி ஃபிளக்ஸானின் பாதையில் சமச்சீரற்ற மேட்டை எழுப்பினார்கள். மோதிரமானதால் ஒரே மேடு ஒவ்வொரு சுற்றிலும் திரும்ப வரும். பிறகு சராசரி சுழியமான மாறுதிசை ஓட்டத்தால் ஆட்டினார்கள். செயல்திறன் 91 விழுக்காடு வரை எட்டியது. ஆட்டும் அதிர்வெண்ணைக் கூட்டியபோது கிடைக்கும் மின்னழுத்தம் படிப்படியாக ஏறியது. ஓர் ஆட்டத்துக்கு முழுச் சுற்று ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கையாகத்தான் நகரும். இன்னும் கூட்டினால் ஒழுங்கு குலைந்தது. சில இடங்களில் ஃபிளக்ஸான் எதிர்த்திசையில் ஓடத் தொடங்கியது! கோணல் மாறவில்லை, ஓடுபவருடைய எடை குறுக்கே வந்துவிட்டது. தன் வேகத்தை அடக்கித் திரும்புவதற்குள் அடுத்த ஆட்டம் வந்துவிடுகிறது. பிற்பாடு 2012-இல் இதே குழுவினர் ஃபிளக்ஸானுக்கு எதிராக நிலையான சுமையும் கொடுத்து, அதை எதிர்த்தும் அது ஏறுவதை அளந்தார்கள்.

எர்லாங்கனில் உஸ்தீனவ் குழு 2004-இல் இதைத் தலைகீழாகச் செய்தது. மோதிரத்தில் மேடெல்லாம் சமச்சீர். ஆட்டும் நுண்ணலையிலோ இரண்டு அதிர்வெண்களைக் கலந்து, போகும் வீச்சும் வரும் வீச்சும் வேறு வடிவமாகச் செய்தார்கள். கோணல் இடத்தில் இருந்தாலும் சரி, காலத்தில் இருந்தாலும் சரி, ஃபிளக்ஸான் நகர்கிறது.

இதனால் என்ன பயன் என்று மருமகன் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தான். சுழல்களாலேயே கணினி ஓடும் என்பவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை. ஒற்றைப் பாயத் துணுக்கை ஒரு பிட்டாக வைத்து ஓடும் மின்சுற்றுகளை லிகாரெவும் செம்யோனவும் 1980-களிலேயே வடிவமைத்தார்கள். அவை அதிவேகமானவை, சிக்கனமானவை. இன்றுவரை நம் மேசைக்கு வரவில்லை. உண்மையான தேவை துப்புரவு வேலையில் இருக்கிறது. சில்லைக் குளிர்விக்கும்போது மாட்டிக்கொள்ளும் வேண்டாத சுழல்கள் நுண்ணிய காந்த உணரிகளில் இரைச்சலைக் கிளப்புகின்றன. அவற்றை ரம்பப்பல் வடிவத்தால் ஓரத்துக்குப் பெருக்கித் தள்ளலாம் என்று லீ, யாங்கோ, தெரேனி, பராபாசி நால்வரும் 1999-இல் யோசனை சொன்னார்கள். காந்தப்புலத்தை உணரும் அந்த ஸ்க்விட் கருவிகளைக் கல்பாக்கத்திலும் செய்கிறார்கள், அவற்றால் மூளையின் காந்தப்புலத்தை அளக்கிறார்கள். அவனுக்கு அந்த ஒன்றைத்தான் எழுதினேன். அவன் வீடு கல்பாக்கத்தை அடுத்த திருக்கழுக்குன்றத்தில்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். டியூபிங்கனின் 91 விழுக்காட்டை விட டெல்ஃப்டின் அந்த ‘ஓடவில்லை’ என்ற முடிவுதான் பெரிது என்பது என் தீர்ப்பு. ஆனாலும் ஒரே ஊருக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் டெல்ஃப்டைச் சிபாரிசு செய்யமாட்டேன். சுழலைத் தேடிப் போனால் அங்கே பார்க்கக் கிடைப்பது வெள்ளை உருளை மட்டும்தான், அதற்கும் மாதங்களுக்கு முன்பே எழுதிக் கேட்க வேண்டும். லெய்டனுக்குப் போங்கள். ஒன்னஸின் கண்ணாடிக் குடுவைகளுக்கு அருகில் நின்று நிதானமாகப் பார்க்கலாம். போர்ஹாவ அருங்காட்சியகத்துக்குப் பொதுவாகத் திங்கட்கிழமை விடுமுறை.